புள்ளி மறைந்த எழுத்துகள்

மெய்ப்புப் பார்க்கிறவர் கண்ணில் கோளாறு வந்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். எழுத்து எங்கும் போகாது. கொம்பும் காலும் சுழியும் இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் ‘அதைச் சொன்னான்’ என்ற இடத்தில் சகரத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா, இல்லையா என்பது பிடிபடாது. ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான்.

கண்ணைச் சிமிட்டினால் புள்ளி திரும்பி வரும். அடுத்த இரண்டு சொல்லைத் தாண்டுவதற்குள் மங்கிவிடும். மறுபடி சிமிட்டுவேன், மறுபடி வரும். பக்கத்தின் மேல்பாதியில் இது வெறும் தொந்தரவு. கீழ்ப்பாதிக்கு வருவதற்குள் இமையின் உட்புறம் உறுத்த ஆரம்பிக்கும். பக்கத்து மேசைப் பெண்ணிடம் தூசி ஏதாவது விழுந்திருக்கிறதா பார் என்பேன். அவள் இமையை விரித்து, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்லையேக்கா” என்பாள்.

சிமிட்டினால் தெளிகிற மங்கல் பெரும்பாலும் கண்ணாடிப் பவரால் வருவதில்லை என்று இன்றைக்கு யார் கேட்டாலும் சொல்வேன். வெளிச்சம் கண்ணுக்குள் நுழையும்போது முதலில் தொடுவது கருவிழியை அல்ல, அதன் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தை. அந்தப் படலம் வழவழப்பாக இருந்தால்தான் பார்வை நிலையாக நிற்கும். திட்டுத் திட்டாக அது உடைந்துபோனால் எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் எழுத்து ஆடத்தான் செய்யும். நான் முதலில் போன இடத்தில் கண்ணாடியைத்தான் மாற்றினார்கள். அதற்கும் சரியாகாமல் திரும்பப் போனபோது, வயதாகிறது, கம்ப்யூட்டர் பார்க்கிறீர்கள், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி ஒரு செயற்கைக் கண்ணீர்ப் பாட்டிலை எழுதிக் கொடுத்தார் அங்கிருந்த டாக்டர். உறுத்தும்போதெல்லாம் விட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

விட்டுக்கொண்டேன். விட்டதும் சுகமாக இருக்கும். கால் மணி நேரம், அரை மணி நேரம். அப்புறம் பழையபடிதான்.

நான் வேலை பார்க்கும் பதிப்பகம் ராயப்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியதிலிருந்து தமிழ்ப் பதிப்பகங்களுக்கு ஆண்டுக் கணக்கே பொங்கலை வைத்துத்தான். ஐப்பசி கடைசியிலிருந்து மார்கழி முடியும்வரை கட்டுக் கட்டாக மெய்ப்பு வரும். கம்ப்யூட்டர்கள் சூடாகாமலிருக்க ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் காற்று அப்போது நேராக என் முகத்தில் இறங்கும். மனிதர் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போலக் கண் சிமிட்டுவார்கள். ஊன்றிப் படிக்கும்போதும் திரையைப் பார்க்கும்போதும் அது பாதிக்கும் கீழே போய்விடும். என் வேலையே ஊன்றிப் படிப்பது. இமை மூடாத ஒவ்வொரு நொடியும் கண்ணீர்ப் படலம் காற்றில் ஆவியாகிக்கொண்டிருந்தது என்பதை எனக்கு எடுத்துச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

இன்னொரு குழப்பமும் இருந்தது. சில நாள்களில், முக்கியமாக பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். ஆரம்ப காலத்தில்தான் இது. அதைப் பார்த்துவிட்டு, தண்ணியாக வழிகிறதே, வறட்சி என்கிறாயே என்று கேட்காதவர்கள் இல்லை. காரணம் எளிமையானது. கண்ணின் மேற்பரப்பு காய்ந்து எரியும்போது மூளை அவசரமாக நீரை அனுப்பும். அந்த நீரில் எண்ணெயும் சளியும் போதுமான அளவில் இருக்காது. அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் இறங்கிவிடும். நல்ல கண்ணீர் என்பது அடியில் சளி, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய் என்று சேர்ந்து நிற்பது. அந்த எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சிறு சுரப்பிகள். ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் 1666-லேயே அவற்றை விவரித்து எழுதியிருக்கிறார். இன்றும் அவர் பெயரில்தான் அவை வழங்குகின்றன.

என் அத்தை, என் கணவரின் அம்மா, எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம் என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்தார். இரவில் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவினார். விடிவதற்கு முன் பறித்த நந்தியாவட்டைப் பூவை ஈரத்தோடு மூடிய இமை மேல் வைத்து, “பேசாம படு, கண்ணைத் தொறக்காதே” என்பார். அந்த நேரம் எனக்கு நிஜமாகவே நிம்மதி கிடைத்தது. ஈரமான குளிர்ச்சி, மூடிய இமை, காற்றுப் படாத பத்து நிமிடம். இவை கண்ணுக்கு நல்லவைதான். நோயை அவை தொடவில்லை, அவ்வளவுதான். பூவைக் கண்ணுக்குள் பிழிந்து விடச் சொல்லவில்லை அவர். அப்படிச் செய்கிற வீடுகளும் உண்டு. அது கருவிழியில் புண்ணை வரவழைக்கலாம்.

காலையில் கண்ணைத் திறப்பதுதான் கடினம். இரவில் கண்ணீர் இன்னும் குறைந்து, மேலிமை கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும். சட்டென்று திறந்தால் மேல்தோல் உரிகிற வலி. படுக்கையிலேயே கண்ணை மூடியபடி விழியை இப்படியும் அப்படியும் உருட்டி, பிறகு விரலால் இமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவேன். அதே நேரத்தில் விரல்களும் மடங்க மறுத்தன. அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நினைத்து, இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வருடம் அம்மா போனாள். வந்தவாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சித்திகளும் பெரியம்மாவும் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழ ஒவ்வொருவராக வந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது, உடம்பு நடுங்கியது, குரல் வந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எரிச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. கண் செக்கச்செவேலென்று சிவந்து, உலர்ந்து, திறந்தபடி இருந்தது. பெரியம்மா என் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “அழுதுடும்மா, மனசுல வெச்சுக்காதே” என்றாள். கொல்லைப்புறத்தில் இரண்டு பெண்கள், பட்டணத்துக்குப் போனால் மனசு கல்லாகிவிடுகிறது என்று பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவளுக்காக மகள் அழுவது அவள் செலுத்துகிற கடன், அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது அந்த ஊரின் வழக்கம். நான் அழுதேன் என்பதைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லாமல் போனது. இன்றுவரை அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்த நோய் மேல் எனக்கு ஆறாத வருத்தம்.

காரியமெல்லாம் முடிந்து சென்னைக்குத் திரும்பியதும் என் கணவர், “வேற டாக்டரைப் பார்க்கலாம் வா” என்று அழைத்துப்போனார். அங்கே இருந்தவர் என்னைவிட இளையவர். கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்விகளைக் கேட்டார். “வாய் வறளுதாம்மா? ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திருக்கீங்களா? முறுக்கு, சுண்டல் இதெல்லாம் தண்ணி இல்லாம முழுங்க முடியுதா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் இட்லிப்பொடிகூட இறங்குவதில்லை என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது ஒரு நோயின் அடையாளமாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. “கை விரல்?” என்றார். நீட்டினேன். கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

பிறகு ஒரு மெல்லிய வடிதாள் துண்டை எடுத்து, நுனியை மடித்து, கீழிமைக்குள் ஓரமாகத் தொங்கவிட்டார். இன்னொன்று அடுத்த கண்ணில். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்கச் சொன்னார். இது ஷிர்மர் சோதனை. ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியர் 1903-ல் வகுத்த முறை. தாளில் மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் ஈரம் பத்து மில்லிமீட்டராவது ஊற வேண்டும். ஐந்துக்குக் கீழே போனால் கடுமையான வறட்சி. எனக்கு வலது கண்ணில் 3, இடது கண்ணில் 2. அடுத்து மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டுவைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார். சிமிட்டாமல் இருக்கச் சொல்லி, படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணினார். பத்து நொடிக்கு மேல் நிற்க வேண்டிய படலம் மூன்று எண்ணுவதற்குள் கிழிந்துவிட்டது. படம் எடுத்துக் காட்டினார். கருவிழியின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அவ்வளவும் மேல்தோல் அரிபட்ட இடங்கள். தூசி இருக்கிறதா பார் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தது எதை என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

ரத்தச் சோதனையில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. கீழுதட்டின் உட்புறத்திலிருந்து கடுகளவு எடுத்துப் பரிசோதித்தார்கள். மூட்டுவாத மருத்துவரும் பார்த்தார். முடிவில் எழுதிய பெயர் ஷோகிரென் நோய். உடம்பின் காவல் அணுக்களே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் பகையென்று எண்ணித் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வரும், பெரும்பாலும் நடுவயதில்.

ஹென்ரிக் ஷோகிரென் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். வறண்ட கண்ணோடு வந்த 19 பெண்களைப் பற்றி 1933-ல் ஆய்வேடு எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண், வாய், மூட்டு மூன்றும் ஒரே நோயின் கைவரிசை என்று சொன்னவர் அவர். அந்த ஆய்வேட்டுக்குக் கிடைத்த மதிப்பெண் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணிக்குப் போகப் போதுமானதாக இல்லை. அவர் ஊர் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடம் கழித்து, 1943-ல், ஆஸ்திரேலியாவில் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகுதான் உலகம் படித்தது. அந்த 19 பெண்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களிடமும் வயசாகிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவர்களை உட்காரவைத்து, கண்ணோடு நிற்காமல் வாயையும் மூட்டையும் கேட்டறிந்த ஒருவர் கிடைத்தார். எனக்கும் கிடைத்தார்.

டாக்டர் இரண்டு மருந்து எழுதினார். அவற்றைப் பற்றி அவர் சொன்னதை நான் அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். “இதுவரைக்கும் நீங்க விட்டது ஈரம். அது வேணும், விடுங்க. ஆனா அது மருந்து இல்ல. உங்க சுரப்பியில வீக்கம் இருக்கு. அந்த வீக்கம் அடங்கினாத்தான் உங்க கண்ணீர் திரும்பும். அதுக்கு இந்த இன்னொரு சொட்டு. இது உடனே கேட்காது. மூணு மாசம் ஆகும், சில பேருக்கு ஆறு மாசம். முதல்ல எரியும். எரியுதுன்னு நிறுத்திடாதீங்க.”

அந்த இன்னொரு சொட்டு சைக்ளோஸ்போரின். சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் வரும். உள்ளே எண்ணெயும் நீரும் கலந்த வெண்மையான கலங்கல். விடுவதற்கு முன் குப்பியைச் சில முறை தலைகீழாகச் சாய்த்து ஒன்றாகக் கலக்க வேண்டும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. திறந்த குப்பியை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

இந்த மருந்து வந்த வழியைப் பிறகு தேடிப் படித்தேன். நோர்வேயில் ஹார்டங்கர்விட்டா என்ற மலைச் சமவெளியில், விடுமுறைக்குப் போன ஒரு மருந்து நிறுவன ஊழியர் எடுத்துவந்த மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் ஆய்வுக்கூடத்தில் 1972-ல் அது உடம்பின் எதிர்ப்பு அணுக்களை அடக்குவதைக் கண்டார்கள். ழான் பிரான்சுவா பொரேல் என்ற விஞ்ஞானியின் பெயர் அதோடு சேர்ந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காப்பதற்காக 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்ணுக்கு அது வந்ததற்குக் காரணம் நாய்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடைக் கண் மருத்துவராக இருந்த ரெனி காஸ்வன், கண் வறண்ட நாய்களுக்கு இதைச் சொட்டாக விட்டுப் பார்த்தார். கண்ணீர் கூடியது. நாய்களுக்கான மருந்து 1995-ல் வந்தது. மனிதருக்கான சொட்டு 2002 டிசம்பரில் அனுமதி பெற்றது. ஒரு மலை மண்ணும் வாயில்லாப் பிராணிகளும் தந்த மருந்து வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் நன்றி சொல்லத் தோன்றும்.

ஆனால் எரிந்தது. மிளகாய் கிள்ளிய கையைக் கண்ணில் வைத்துவிட்டது போல எரிந்தது. விட்ட நொடியில் இல்லை. ஒரு மூச்சு விட்டபின் மெல்ல ஏறும். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறப் பத்து நிமிடம் ஆகும். ஈரச் சொட்டை உடனே விட்டால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும், கால் மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்தக் கால் மணி நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் கழிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். முதல் சில வாரங்களுக்கு மட்டும் லேசான ஸ்டீராய்டு சொட்டு ஒன்றையும் சேர்த்துத் தந்தார். எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்துக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

காலை வேளையில் என் விரலால் அந்தக் குப்பியின் மூடியைத் திருகி எடுக்க முடியாது. என் கணவர்தான் செய்வார். ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்-பில் ஃபிட்டராக இருந்தவர். இரும்பைப் பிடித்துப் பழகிய கை அவ்வளவு மெதுவாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவார். “மேல பாரு” என்பார். கீழிமையைச் சுண்டுவிரலால் இழுத்து, அங்கே ஏற்படும் சிறு பைக்குள் ஒரே ஒரு சொட்டு. குப்பியின் முனை இமை மயிரில் படாது. “கண்ணை இறுக்காதே, சும்மா மூடு.” மூக்கோரத்தில் கண்ணின் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடிப்பார். மருந்து மூக்குக்குள் வடியாமல் கண்ணில் தங்க அது உதவும். ஒரு சொட்டுக்கு மேல் விடுவதில் பயனில்லை. கண்ணின் மேற்பரப்பு தாங்குவதே முப்பது மைக்ரோலிட்டர் அளவுதான். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே அதை நிரப்பிவிடும். மிச்சம் கன்னத்துக்குப் போகிற காசு.

முதல் மாதம் போனது, இரண்டாம் மாதம் போனது. புள்ளி வந்தது, போனது. எதுவும் மாறவில்லை. இந்த மருந்தைப் பலர் இந்தக் கட்டத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அதில் வியப்பில்லை. காய்ச்சல் மாத்திரை போட்டால் ராத்திரிக்குள் வியர்க்க வேண்டும் என்று பழகியவர்கள் நாம். சுகம் தருகிற சொட்டு குணப்படுத்தவில்லை. குணப்படுத்துகிற சொட்டு எரிகிறது, பலனைக் காட்டவும் மாட்டேனென்கிறது. இதைத் தாங்கிக்கொள்ள ஒரு நோயாளிக்கு மருந்துச் சீட்டு மட்டும் போதாது. ஏன் எரிகிறது, எத்தனை மாதம், அந்த மாதங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். எனக்குச் சொன்னார்கள். அதனால் நான் நிறுத்தவில்லை. சொல்லப்படாமல் நிறுத்தியவர்களை வெளியே காத்திருக்கும் வரிசையில் பார்த்திருக்கிறேன். எல்லோருடைய பையிலும் அந்தச் சுகம் தரும் பாட்டில் இருக்கும்.

தெருமுனை மருந்துக்கடையில் ஒருமுறை என் மருந்து இல்லை. கடைப் பையன் நல்லவன்தான். என் கண்ணைப் பார்த்துவிட்டு, “அக்கா, அது வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் இதைப் போடுங்க, ஒரே நாள்ல சிவப்பு போயிடும்” என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். வாங்கிப் பார்த்தேன். ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. சிவப்பு போகும் என்பது உண்மை. ஸ்டீராய்டு சொட்டை மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறலாம். வலியே இல்லாமல் பார்வை நரம்பு கெட்டுக்கொண்டு வரும். புரை விழும். நரம்பு போனால் போனதுதான், திருப்பித் தர எந்த மருந்தும் இல்லை. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம். அந்தப் பையன் மேல் கோபமில்லை, அவனிடம் விவரமாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டான். கண் சிவந்தால் கடையில் கேட்டு எதையாவது விட்டுக்கொள்ளலாம் என்று ஊர் முழுக்க நினைப்பதுதான் தாங்கவில்லை.

ஈரச் சொட்டிலும் பார்க்க வேண்டியது உண்டு. பாட்டில் கெடாமலிருக்க அதில் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, அடிக்கடி விடுகிறவர்களின் கருவிழி மேல்தோலையே அரிக்கும். நான் விடுகிற தடவைகளைக் கேட்டதும் அந்தப் பாட்டிலை நிறுத்தச் சொல்லி, கெடாமருந்து சேர்க்காத குப்பிகளுக்கு மாற்றினார் டாக்டர். விலை கூடத்தான். சம்பளத்தில் ஒரு பங்கை அதற்கென்று எடுத்துவைத்தோம். கெடாமருந்து இல்லையென்றால் சுத்தம் இரண்டு மடங்கு வேண்டும் என்பதும் கூடவே வந்த பாடம். சென்னைக்கு அருகே ஓர் ஆலையில் தயாராகி அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர் 2023-ன் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்ட செய்தியை நான் நடுக்கத்தோடு படித்தேன். கெடாமருந்து சேர்க்காமல், பல முறை திறந்து மூடும் பாட்டிலில் அடைத்தது அது. மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமித் தொற்று 81 பேருக்கு வந்ததாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்குச் சொன்னது. பார்வை போனவர்களும் இறந்தவர்களும் அதில் உண்டு. கண்ணில் விடும் ஒரு சொட்டுத் தண்ணீர் தானே என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

நான்காம் மாதத்தில் ஒரு காலை, இமை தானாகத் திறந்தது. விரலால் தூக்காமல். அதை நான் உடனே கவனிக்கவில்லை. காபி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பிறகு மெய்ப்பில் ஒரு பத்தி முழுக்கச் சிமிட்டாமலே புள்ளிகள் நின்றன. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கண் கரித்து நீர் வந்தது. கத்தியை வைத்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்து, முந்தானையால் துடைக்க வந்தார். வேண்டாம் அத்தை, இருக்கட்டும் என்றேன். அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவளுக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தை எதுவும் கேட்காமல் மிச்ச வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

மறுபடி தாள் வைத்துப் பார்த்தபோது வலது கண்ணில் 8, இடது கண்ணில் 5. நோய் போகவில்லை, போகவும் போகாது. மூட்டுக்கு மாத்திரை தனியாகப் போகிறது. சொட்டு இன்றும் காலையும் இரவும் உண்டு. எரிச்சல் பழகியதா, குறைந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது எழுந்து நடக்கிற அளவுக்குத்தான் எரிகிறது. அலுவலகத்தில் என் மேசையை ஏசி காற்று படாத மூலைக்கு மாற்றித் தந்தார்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். கீழ்நோக்கிப் பார்க்கும்போது இமை பாதி மூடியிருக்கும், காற்றுப் படும் பரப்பு குறையும். ஒரு பத்தி முடிந்ததும் கண்ணை முழுதாக மூடித் திறப்பதை, அந்தப் பத்தியின் கடைசிப் புள்ளிக்குப் பின் செய்ய வேண்டிய வேலையாக வைத்துக்கொண்டேன். இரவில் வெதுவெதுப்பான துணியை இமை மேல் வைத்து, மைபோம் சுரப்பிகளில் உறைந்த எண்ணெயை இளக்கி, விளிம்பை நோக்கி மெல்லத் தடவிவிடுகிறேன். அத்தைக்கு இந்த ஒத்தடத்தில் மிகுந்த திருப்தி.

பக்கத்து மேசைப் பெண்ணையும் சோதனைக்கு அனுப்பினேன். அவளுக்கு ஷோகிரென் இல்லை. மைபோம் சுரப்பிகள்தான் அடைபட்டிருந்தன. என் மருந்து அவளுக்கு வேண்டியதில்லை, ஒத்தடமும் இமைச் சுத்தமும் போதும் என்றார்கள். ஒருவர் சொட்டை இன்னொருவர் கடன் வாங்கக் கூடாது என்பதற்கு எங்கள் இரண்டு மேசையே சாட்சி.

சென்ற முறை போனபோது டாக்டர் இடது கண்ணைப் பற்றிப் பேசினார். அது இன்னும் பின்தங்கியே இருக்கிறது. இமையின் உள்மூலையில் கண்ணீர் மூக்குக்குள் வடியும் சிறு துளை உண்டு. அதைச் சிலிக்கான் அடைப்பானால் அடைத்துவிட்டால், சுரக்கிற கொஞ்சமும் கண்ணிலேயே தங்கும். முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். வீக்கம் இருக்கும்போது அடைத்தால் வீக்கத்தின் கழிவும் கண்ணிலேயே தேங்கும், இப்போது அடங்கியிருக்கிறது, அதனால் செய்யலாம் என்றார்.

“புத்தகக் காட்சி முடியட்டும் டாக்டர், தையில வரேன்” என்றேன்.

“அதுக்கு முன்னாடிதானேம்மா உங்களுக்குக் கண்ணு வேணும்?”

என் கணவர் அதற்குள் பையிலிருந்து நாள்காட்டியை எடுத்துவிட்டார். ஐப்பசிக்குள் ஒரு தேதி குறித்துக்கொண்டு வந்தோம்.